பகலில் தூங்குகிறவர் ‘நைட் சீரம்’ எப்போது போடுவது?

வணக்கம் டாக்டர். யாங்கோன், தாம்வேயில் இருந்து எழுதுகிறேன். வயது 43, தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். மூன்று வருடமாகப் பெரும்பாலும் நைட் டூட்டிதான். சாயங்காலம் ஏழு மணிக்கு உள்ளே போனால் காலை ஏழரைக்குத்தான் அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு வெளியே வருவேன். பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து, சமையலை முடித்துவிட்டுப் பத்து மணிவாக்கில் படுப்பேன். லீவு நாளில் எல்லோரையும் போல இரவில் தூங்குவேன். இந்த ஒரு வருடத்தில் முகம் சட்டென்று வயசாகிவிட்டது. கண்ணுக்குக் கீழே கோடு, இரண்டு கன்னத்திலும் மங்கு, எந்நேரமும் வறட்சி. மகள் ஃபேஸ்புக் லைவில் பார்த்து ஒரு கொரியா சீரம் வாங்கிக் கொடுத்தாள். ‘சர்க்கேடியன் பெப்டைட்’ இருக்கிறதாம், தோலின் கடிகாரத்தைத் திருத்தி நாம் இரவில் தூங்கும்போது கொலாஜனைக் கட்டுமாம். விலை என் சம்பளத்தில் கால்வாசி. இரவில் போடச் சொல்லியிருக்கிறது, நானோ இரவில் தூங்குவதே இல்லை. டூட்டிக்குப் போகும்போது போடுவதா, காலையில் வந்து போடுவதா? உண்மையிலேயே வேலை செய்யுமா? ‘தனகா மரப்பட்டையை உரைத்துப் பூசினாலே போதும், காசைக் கரியாக்காதே’ என்கிறார்கள் அம்மா. மகளுக்கு 17 வயது, அவளும் இதையே போடுகிறாள். போடலாமா?

*

சகோதரி, கேட்டதற்கு முதலில் நேரடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். காலையில் வீட்டுக்கு வந்து முகம் கழுவி, படுக்கப் போகும் முன் போடுங்கள். மணி என்ன என்று அந்த பாட்டிலுக்குத் தெரியாது. டூட்டிக்குக் கிளம்பும்போது போட்டாலும் கெடுதல் ஒன்றுமில்லை, ஆனால் மாஸ்க்குக்குள் வியர்த்து, நடுவில் நாலு தடவை முகம் துடைத்து, பாதி துணியோடு போய்விடும். அவ்வளவுதான் விஷயம் என்றால் இங்கேயே முடித்திருப்பேன். கால்வாசிச் சம்பளம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்த பிறகு இரண்டு வரியோடு விட மனசு வரவில்லை. என் கணிப்பில் உங்கள் முகத்தைக் கெடுப்பது சீரம் இல்லாத குறை அல்ல, காலை ஏழரைக்கும் பத்துக்கும் நடுவில் நடக்கிற சில காரியங்கள்தான்.

தோலுக்குக் கடிகாரம் இருக்கிறது என்பது விளம்பரக்காரர்கள் கட்டிய கதை இல்லை, உண்மைதான். தலைமைக் கடிகாரம் மூளையில் இருக்கிறது, கண்ணில் விழும் வெளிச்சத்தை வைத்து அது தினமும் நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளும். அதுபோக உடம்பின் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் தனித்தனிக் கடிகாரம் ஓடுகிறது. க்ளாக், பிமால்1 என்ற இரண்டு புரதங்கள் சேர்ந்து பெர், க்ரை என்ற புரதங்களை உண்டாக்கச் சொல்லும், அவை போதுமான அளவு குவிந்ததும் தங்களை உண்டாக்கச் சொன்னவற்றையே அடக்கிவிடும், பிறகு தாங்களும் சிதைந்து குறைய, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஒரு சுற்றுக்குச் சுமார் 24 மணி நேரம். பழ ஈக்களை வைத்து இதைப் பிரித்துக் காட்டிய ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது. மனிதத் தோல் செல்களிலும் இதே ஜீன்கள் வேலை செய்கின்றன என்று 2000-இலேயே காட்டிவிட்டார்கள்.

இந்தக் கடிகாரம் தோலில் என்ன செய்கிறது என்று நர்ஸான உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும், வார்டில் பாதி பார்த்திருப்பீர்கள். அரிப்பு உள்ள நோயாளி பகலெல்லாம் சும்மா இருந்துவிட்டு ராத்திரி பத்து மணிக்கு மேல் பெல் அடிக்க ஆரம்பிப்பாரே, அதற்கு இதுவும் ஒரு காரணம். இரவில் அழற்சியை அடக்குகிற கார்டிசால் ஹார்மோன் குறைகிறது, தோலின் சூடு கூடுகிறது, தோல் வழியாக வெளியேறும் ஈரமும் கூடுகிறது. மேல்தோல் செல்கள் அதிகம் பிரிவதும் இரவில்தான். எண்ணெய் சுரப்பு நண்பகலை ஒட்டித்தான் உச்சத்துக்குப் போகும். பகலில் தாக்குப்பிடிப்பது, இரவில் பெருகுவது என்று மேலோட்டமாகச் சொல்லலாம்.

மேலோட்டமாகத்தான். ‘இரவில்தான் தோல் தன்னைப் பழுது பார்க்கும்’ என்று எல்லா டப்பாவிலும் போடுகிறார்களே, அது பாதிதான் உண்மை. தீக்காயப் பிரிவில் வேலை பார்த்திருந்தால் இது உங்களுக்கு சுவாரசியமாக இருக்கும்: 2017-இல் இங்கிலாந்து, வேல்ஸ் மருத்துவமனைகளின் 118 தீக்காய நோயாளிகளின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். பகலில் சுட்டுக்கொண்டவர்களுக்குக் காயம் 95 சதவீதம் ஆறச் சராசரியாக 17 நாள் ஆனது, இரவில் சுட்டுக்கொண்டவர்களுக்கு 28 நாள். காயத்தை மூட நகர்ந்து வருகிற ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் பகல் நேரத்தில் சுறுசுறுப்பாக இருப்பதுதான் அதற்கு அவர்கள் கண்ட காரணம். ஆக, தோல் ஒரு வேலையைப் பகலில் நன்றாகச் செய்கிறது, இன்னொன்றை இரவில். எல்லாவற்றையும் இரவுக் கணக்கில் எழுதுவது விற்பனைக்கு வசதி, அவ்வளவுதான்.

இன்னொரு ஆய்வு உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும். அமெரிக்காவில் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் அஸீஸ் சன்ஜார் (டிஎன்ஏ பழுதுபார்ப்புக்காக 2015-இல் வேதியியல் நோபல் வாங்கியவர்) குழுவினர் எலிகளுக்குப் புற ஊதாக் கதிரைக் காட்டினார்கள், ஒரு கூட்டத்துக்கு விடியற்காலை 4 மணிக்கு, மற்றதற்கு மாலை 4 மணிக்கு. கதிர் ஒரே அளவுதான். விடியற்காலைக் கூட்டத்துக்குத் தோல் கட்டிகள் ஐந்து மடங்கு வந்தன. டிஎன்ஏ-வில் விழுந்த அடியை வெட்டிச் சரிசெய்கிற புரதம் அந்த நேரத்தில் குறைவாக இருந்ததுதான் காரணம். எலி இரவில் உலாவுகிற பிராணி. பகலில் உலாவுகிற மனிதர்களுக்கு இது தலைகீழாக இருக்கும், காலையில் பழுதுபார்க்கும் திறன் அதிகமாக இருக்கும் என்று அவர்கள் ஊகித்தார்கள். சரி, அப்படியென்றால் காலை வெயில் பரவாயில்லையே என்று தோன்றும். ஒழுங்காக இரவில் தூங்கி எழுகிறவருக்கு அது ஓரளவு ஆறுதல். உங்களுக்கு அந்த ஆறுதலும் கிடையாது. நாலு நாள் இரவு முழித்து, லீவு நாளில் இரவு தூங்கி, மறுபடி டூட்டிக்குப் போகிறவரின் தோல் செல்கள் காலை எட்டு மணியை என்ன நேரம் என்று எடுத்துக்கொள்கின்றன என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. கடிகாரம் ஒரே நாளில் திரும்பிக்கொள்ளாது, மெதுவாகத்தான் நகரும். அது நகர்ந்து முடிவதற்குள் நீங்கள் லீவு போட்டுப் பழைய நேரத்துக்கே இழுத்துவிடுகிறீர்கள்.

அந்த சீரத்தின் மேல் எனக்கு இருக்கிற பெரிய சந்தேகமும் இங்கேதான். ஒரு மருந்து உண்மையிலேயே தோலின் கடிகாரத்தை நகர்த்துகிறது என்றால் எந்த நேரத்தில் போட்டால் எந்தப் பக்கம் நகரும் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். தூக்கத்துக்குக் கொடுக்கிற மெலடோனின் மாத்திரைக்கு அப்படித்தான், போடுகிற நேரத்தைப் பொறுத்துக் கடிகாரம் முன்னாலும் போகும், பின்னாலும் போகும். உங்கள் பாட்டிலில் இதைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா? ‘இரவில் இரண்டு சொட்டு’ என்று மட்டும் இருந்தால், அதைத் தயாரித்தவர்களே கடிகாரக் கதையை முழுதாக நம்பவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

பெப்டைட் என்றால் சில அமினோ அமிலங்கள் (புரதத்தைக் கட்டுகிற செங்கற்கள்) கோத்த சின்னச் சங்கிலி. தோலைத் தாங்கிப் பிடிக்கிற புரதமான கொலாஜன் உடையும்போது விழுகிற துண்டுகள் சில, ‘இங்கே உடைந்துவிட்டது, புதிதாகக் கட்டு’ என்று ஃபைப்ரோபிளாஸ்ட்டுக்குச் சொல்வதுபோல் வேலை செய்யும் என்பது 1990-களிலிருந்து தெரிந்த விஷயம். அதை வைத்துத்தான் பால்மிடாய்ல் பென்டாபெப்டைட்-4 வந்தது, கொழுப்பு வால் ஒட்டிய ஐந்து அமினோ அமிலச் சங்கிலி. 2005-இல் வெளியான ஒரு ஆய்வில் 35 முதல் 55 வயது வரை உள்ள 93 பெண்கள் முகத்தின் ஒரு பாதியில் அது கலந்த க்ரீமும் மறுபாதியில் அது இல்லாத அதே க்ரீமும் 12 வாரம் போட்டார்கள். பெப்டைட் போட்ட பக்கம் மெல்லிய கோடுகள் கொஞ்சம் குறைந்தன. கொஞ்சம்தான், ஆனால் பொய் இல்லை. அந்த ஆய்வைச் செய்தது க்ரீம் விற்கிற கம்பெனியின் ஆட்கள், அதில் இருந்தவர்கள் எல்லோரும் வெள்ளைக்காரப் பெண்கள். நம் தோலில் கோடு தாமதமாகத்தான் வரும், மங்குதான் முதலில் வரும். அவர்களுக்குக் கிடைத்த பலன் உங்கள் முகத்தில் அப்படியே தெரியும் என்று சொல்ல மாட்டேன்.

பழைய பெப்டைட் இன்னொன்று இருக்கிறது, ஜிஎச்கே. லாரன் பிக்கார்ட் என்பவர் 1973-இல் மனித ரத்தப் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தது. மூன்றே அமினோ அமிலம், தாமிரத்தைப் பிடித்துக்கொள்ளும், அதனால் சீரம் நீலமாக இருக்கும். காயம் ஆறுவதில் இதற்குப் பங்கு உண்டு என்று நிறைய ஆய்வகச் சான்று இருக்கிறது. தோல் வழியாக உள்ளே போக மூலக்கூறு எடை 500 டால்டனுக்குள் இருக்க வேண்டும் என்று எங்கள் துறையில் ஒரு கணக்கு உண்டு, ஜிஎச்கே 340 என்பதால் அந்தக் கணக்குக்குள் வரும். நான் மேலே சொன்ன பென்டாபெப்டைட் 800-ஐத் தொடும், அதனால்தான் அதற்குக் கொழுப்பு வால். தசையைத் தளர்த்திச் சுருக்கம் குறைக்கிற போடாக்ஸ் ஊசிக்குப் பதில் என்று விற்கிற அசிடைல் ஹெக்ஸாபெப்டைட் இன்னும் பெரியது, அது தசை வரைக்கும் போய்ச் சேரும் என்று நான் நம்பவில்லை.

‘கடிகார’ பெப்டைட் என்று விற்கிறவற்றில் லேபிளில் பெரும்பாலும் ட்ரைபெப்டைட்-32 அல்லது டெட்ராபெப்டைட்-26 என்ற பெயர் இருக்கும், உங்கள் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். கண்ணாடித் தட்டில் வளர்த்த தோல் செல்களில் பெர் போன்ற கடிகார ஜீன்களின் வேலை கூடுகிறது என்பது இவற்றைத் தயாரிப்பவர்கள் காட்டுகிற ஆதாரம். அது நடந்திருக்கலாம், நான் மறுக்கவில்லை. தட்டில் இருக்கிற செல் வேறு, மேலே செத்த செல் அடுக்கு மூடிய உங்கள் கன்னம் வேறு. கடிகாரம் திருந்தியதால்தான் சுருக்கம் குறைந்தது என்று மனித முகத்தில் காட்டிய சுதந்திரமான ஆய்வு எதுவும் நான் படித்ததில் இல்லை.

லேபிளைப் பற்றி ஒன்று. பெப்டைட் பட்டியலின் கடைசியில் இருக்கிறதே, ஏமாற்று வேலை என்று சிலர் சொல்வார்கள். அப்படி இல்லை. அந்த 93 பெண்கள் ஆய்வில் இருந்த அளவே பத்து லட்சத்தில் மூன்று பங்குதான், பெப்டைட் கடைசியில் வருவது இயல்பு. மாறாக, ‘10 சதவீதம் பெப்டைட்’ என்று பெரிதாகப் போட்டிருந்தால் உஷாராகுங்கள், அது பெரும்பாலும் பெப்டைட் கரைத்த தண்ணீரின் சதவீதமாகத்தான் இருக்கும். அப்புறம், போட்ட ஒரு வாரத்தில் ‘கோடு மறைந்துவிட்டது’ என்று லைவில் சொல்வார்களே, அது கிளிசரினும் ஹயலுரானிக் அமிலமும் செய்கிற வேலை. ஈரம் ஏறினால் வறண்ட கோடு நிரம்பித் தெரியும். மருந்துக் கடையில் கிடைக்கிற சாதாரண மாய்ஸ்சரைசரும் அதைச் செய்யும்.

இப்போது உங்கள் காலை நேரத்துக்கு வருகிறேன். ஏழரைக்கு வெளியே வருகிறீர்கள். நம் ஊரில் வெயில் காலத்தில் ஐந்தரை, ஆறுக்கெல்லாம் விடிந்துவிடுகிறது. பஸ் நிறுத்தத்தில் நின்று, ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, நெரிசலில் ஊர்ந்து, இறங்கிக் கடையில் காய் வாங்கி வீடு சேரும்போது எட்டரை, ஒன்பது. சுருக்கத்துக்குப் பெரும் காரணமான யூவிஏ என்ற வகைப் புற ஊதாக் கதிர் கண்ணாடி வழியாகவும் வரும், மேகம் வழியாகவும் வரும், மழைக்காலத்திலும் அது லீவு எடுப்பதில்லை. மே தொடக்கத்திலும் ஆகஸ்ட் தொடக்கத்திலும் யாங்கோனில் நண்பகல் சூரியன் நேர் உச்சந்தலையில் நிற்கும், ஆகஸ்ட்டில் மேகம் மூடியிருப்பதால் நமக்குத் தெரிவதில்லை. இரவெல்லாம் உள்ளேதான் இருக்கிறேன், எனக்கெதற்கு சன்ஸ்கிரீன் என்று நைட் டூட்டிப் பெண்கள் என்னிடம் கேட்காத வாரமே இல்லை. நீங்களும் போடுவதில்லை என்று ஊகிக்கிறேன், கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை. அதைப் போடாமல் சீரம் மட்டும் போடுவது, கூரை ஒழுகும்போது உடைந்த ஓடுகளை மாற்றாமல் தரையைத் துடைத்துக்கொண்டே இருப்பதுதான்.

சன்ஸ்கிரீனுக்கு இருக்கிற சான்று எந்தப் பெப்டைட்டுக்கும் கிடையாது. ஆஸ்திரேலியாவில் நாம்பூர் என்ற ஊரில் 55 வயதுக்குட்பட்ட 903 பேரை வைத்து நாலரை வருடம் பார்த்தார்கள், 2013-இல் முடிவு வந்தது. தினமும் போடச் சொன்னவர்களின் தோலில் அந்த நாலரை வருடத்தில் கண்டுபிடிக்கிற அளவுக்கு மூப்பு கூடவே இல்லை. விருப்பம்போல் போட்டவர்களோடு ஒப்பிட்டால் 24 சதவீதம் குறைவு. சுருக்கத்தை ஒரு க்ரீம் தடுத்தது என்று இவ்வளவு நாள், இவ்வளவு பேரை வைத்துக் காட்டிய வேறு ஆய்வை நான் பார்த்ததில்லை.

ஆகவே டூட்டி முடிந்ததும் ஆஸ்பத்திரியிலேயே முகம் கழுவி, எஸ்பிஎஃப் (வெயில் தடுப்பு அளவு) 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனை ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளவாக்கில் பிதுக்கி, அந்த இரண்டு கோட்டையும் முகம், கழுத்து, காது முழுக்கப் பூசிவிட்டு வெளியே வாருங்கள். பொட்டு அளவு எடுத்துத் தேய்த்தால் டப்பாவில் போட்ட எண்ணில் கால்பங்கு பாதுகாப்புகூட வராது. மங்கு இருப்பதால் நிறம் கலந்த சன்ஸ்கிரீனாகப் பாருங்கள், லேபிளில் அயர்ன் ஆக்ஸைடு இருக்க வேண்டும். நம் மாதிரி மாநிறத் தோலைப் புற ஊதாக் கதிர் மட்டுமில்லாமல் சாதாரணப் பார்வை வெளிச்சமும் கருக்க வைக்கும், வெள்ளை சன்ஸ்கிரீன் பலவற்றுக்கு அதைத் தடுக்கத் தெரியாது. கூடவே குடை. கறுப்புக் கண்ணாடியும் போடுங்கள், முகத்துக்காக இல்லை, தூக்கத்துக்காக. காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் மூளை ‘விடிந்தது, எழுந்திரு’ என்று எடுத்துக்கொள்ளும், பிறகு பத்து மணிக்குப் படுத்தாலும் பாதித் தூக்கம்தான்.

வீட்டுக்கு வந்ததும் நீங்கள் நேராக அடுப்படிக்குப் போகிறீர்கள். அதை மாற்ற முடியுமா பாருங்கள். டூட்டிக்குக் கிளம்பும் முன் மாலையில் சமைத்து வைப்பதோ, மகளிடம் ஒப்படைப்பதோ உங்கள் வீட்டுக் கதை, அதில் நான் தலையிட முடியாது. ஒரு மணி நேரம் முன்னால் படுத்தால் உங்கள் தோலுக்குக் கிடைக்கிற லாபம் எந்த பாட்டிலிலும் கிடைக்காது, அதைமட்டும் அழுத்திச் சொல்வேன். அடுப்புச் சூடும் சிலருக்கு மங்கைக் கிளறிவிடும். படுக்கிற அறைக்குக் கனமான திரை போடுங்கள், கரண்ட் போனால் ஃபேன் நின்று ஜன்னலைத் திறக்கத்தான் வேண்டியிருக்கும், அதற்குக் கண்ணுக்குக் கட்டுகிற துணி ஒன்று தலையணையோரம் இருக்கட்டும். நடுராத்திரிச் சாப்பாட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். எலிகளுக்கு அவை தூங்க வேண்டிய நேரத்தில் மட்டும் தீனி போட்டபோது தோலின் கடிகாரம் நகர்ந்து, புற ஊதாக் கதிரின் சேதம் கூடியது என்று 2017-இல் ஒரு ஆய்வு வந்தது. எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குச் சொல்ல முடியாது, ஆனாலும் பெரிய சாப்பாட்டை டூட்டிக்கு முன்னாலேயே முடித்துவிட்டு, இரண்டு மணிக்கு மொஹிங்கா மீன் நூடுல்ஸும் பொரித்ததும் ஒரு பிடி பிடிப்பதைக் குறைத்தால் வயிற்றுக்காவது நல்லது.

படுக்கும் முன் சன்ஸ்கிரீனை மென்மையான சோப்பால் கழுவி, துடைத்தும் துடைக்காத ஈரத்திலேயே வாசனை இல்லாத கெட்டியான மாய்ஸ்சரைசர் போடுங்கள். வாங்கியாகிவிட்டது என்பதால் அந்த சீரத்தை அதற்கு முன் இரண்டு சொட்டு போட்டு பாட்டிலைத் தீர்த்துவிடுங்கள் (அது கலப்படமில்லாத சரக்காக இருந்தால், அதற்குக் கீழே வருகிறேன்). அடுத்த பாட்டில் வேண்டாம். அந்தக் காசுக்கு சன்ஸ்கிரீன், மாய்ஸ்சரைசர், அதற்கு மேல் ட்ரெட்டினாய்ன் (வைட்டமின் ஏ வகை மருந்து) க்ரீம் என்று மூன்றும் வாங்கினாலும் மிச்சம் வரும் என்றே நினைக்கிறேன். வெயிலால் வந்த கோட்டுக்கு ட்ரெட்டினாய்ன் 1980-களிலிருந்து பயன்பாட்டில் இருக்கிறது, அதன் சான்று பெப்டைட்டைவிடப் பலமடங்கு கனமானது. ஆனால் வெளிச்சத்தில் சிதையும், ஆரம்பத்தில் தோல் உரியும், எரியும், அப்போது மங்கு கூடவும் வாய்ப்பு உண்டு. அதனால் 0.025 சதவீதத்தில், வாரம் இரண்டு முறை, திரை மூடிய அறையில் தூங்கப் போகும்போது மட்டும், ஒரு தோல் டாக்டர் நேரில் பார்த்துச் சொன்ன பிறகு தொடங்குங்கள். கர்ப்பமாக இருந்தால், அல்லது அந்த எண்ணம் இருந்தால் தொடவே கூடாது.

அம்மா சொன்ன தனகாவை நான் கேலி செய்ய மாட்டேன். கல்லில் தண்ணீர் விட்டுக் கட்டையை உரைத்துப் பூசும்போது கிடைக்கிற குளிர்ச்சி உண்மை. அந்தப் பட்டையில் மார்மெசின் என்ற பொருள் இருக்கிறது, அது யூவிஏ கதிரை ஓரளவு உறிஞ்சும் என்றும் ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். சிக்கல் அளவில்தான். இரண்டு கன்னத்தில் வட்டமாகப் பூசினால் நெற்றியும் மூக்கும் மேலுதடும் திறந்தே கிடக்கும், உங்கள் கைப்பூச்சு எத்தனை எஸ்பிஎஃப் என்று எண் போட்டுச் சொல்லவும் வழியில்லை. முதலில் சன்ஸ்கிரீன், கால்மணி நேரம் காய விட்டு, அதன் மேல் தேய்க்காமல் தனகாவை ஒற்றி எடுங்கள். அம்மாவுக்கும் சந்தோஷம், முகத்துக்கும் பாதுகாப்பு. தூங்கும்போது மட்டும் பூச வேண்டாம், காய்ந்த பூச்சு உங்கள் வறட்சியை இன்னும் கூட்டும். வாசனை போட்டு டப்பாவில் வருகிற தனகாவைவிடக் கட்டையை நீங்களே உரைப்பது நல்லது, அந்த வாசனைக்கே அலர்ஜியாகி வருகிறவர்கள் உண்டு.

லைவில் வாங்கியது என்கிறீர்கள், எனக்குப் பெப்டைட்டைவிடப் பெரிய கவலை இதுதான். போட்ட ஒரே வாரத்தில் முகம் ‘பளிச்’சென்று வெளுத்தால் அது பெப்டைட் இல்லை. ஸ்டீராய்டோ, பாதரசமோ, ஹைட்ரோகுவினோனோ கலந்திருக்கிறது என்று அர்த்தம். நிறுத்தினால் சிவந்து, பரு வந்து, முன்னைவிடக் கருக்கும். பாதரசம் சேர்ந்த க்ரீம்களைத் தடை செய்ய மினமாட்டா என்ற சர்வதேசப் பாதரச ஒப்பந்தத்தில் 2020 என்று கெடு வைத்தார்கள், ஆனாலும் எல்லைக் கடைகள் வழியாக வந்துகொண்டுதான் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஒரு துப்பு: ‘தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பார்த்துக்கொள்ளவும்’ என்று தாளில் எழுதியிருக்கும், ஏனென்றால் பாதரசம் தங்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். தாலியைக் கழற்றச் சொல்கிற க்ரீம் எதுவாக இருந்தாலும் குப்பையில்கூடப் போடாமல், நன்றாக மூடித் தனியாக எடுத்து வைத்து டாக்டரிடம் கொண்டு போங்கள். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும், தலையணையும் துண்டும் வழியாக வீட்டில் மற்றவர்களுக்கும் போகும். உங்கள் பாட்டிலில் தயாரிப்புத் தேதி, பேட்ச் எண், நம் நாட்டு எஃப்டிஏ (உணவு, மருந்து நிர்வாகத் துறை) எண் மூன்றும் இருக்கிறதா பாருங்கள். எதுவும் இல்லாமல் பிறமொழி ஸ்டிக்கர் மட்டும் ஒட்டியிருந்தால் விலையை நினைத்துத் தயங்க வேண்டாம், நிறுத்திவிடுங்கள்.

மங்கைப் பற்றி இன்னொன்று, இரண்டு கன்னத்திலும் ஒரே மாதிரி இருப்பதால் மங்காகத்தான் இருக்கும் என்று எழுதுகிறேன், பார்க்காமல் உறுதி சொல்ல முடியாது. கர்ப்பத்தடை மாத்திரை போடுகிறீர்களா, தைராய்டு பார்த்திருக்கிறீர்களா என்று சொல்லுங்கள். வறட்சியும் களைப்பும் சேர்ந்திருந்தால் ரத்தத்தில் தைராய்டு நிலையைக் காட்டுகிற டிஎஸ்ஹெச்-சும் ஹீமோகுளோபினும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது, உங்கள் ஆஸ்பத்திரி லேபிலேயே முடிந்துவிடும்.

மகளுக்கு அந்த சீரம் வேண்டாம். 17 வயதுத் தோலில் கட்ட வேண்டிய கொலாஜன் எதுவும் குறையவில்லை. அவளுக்குப் பரு இருந்தால் அதற்குத் தனியாக மருந்து இருக்கிறது, இல்லையென்றால் சன்ஸ்கிரீன் ஒன்றே போதும், உங்களுக்கு வாங்குகிற டியூபையே இருவரும் போட்டுக்கொள்ளலாம், சீக்கிரம் தீர்ந்துபோகும் என்பதைத் தவிர வேறு குறை இல்லை.